டைனியூஎஸ்பி எடுத்துக்காட்டுகளை பிளாக் பில் போர்டில் கட்டமைப்பதும் அவற்றை உங்கள் கருவிக்கு ஏற்ப மாற்றுவதும்

கேள்வியின் சாரம் இது: எஸ்டிஎம்32 எஃப்411 சிப் கொண்ட பிளாக் பில் போர்டு கையில் இருக்கிறது. மைக்ரோகண்ட்ரோலர்களில் யுஎஸ்பியை இயக்கும் டைனியூஎஸ்பி நிரலகத்தை கிட்ஹப்பிலிருந்து இறக்கி, சீரியல் போர்ட்டையும் சிறு டிரைவையும் சேர்த்துக் காட்டும் 'சிடிசி_எம்எஸ்சி' எடுத்துக்காட்டில் மேக் கட்டளையைக் கொடுத்தால், சிப்புக்கான தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்று கம்பைலர் நின்றுவிடுகிறது. அதைச் சரிசெய்து, அதே எடுத்துக்காட்டில் கீபோர்டையும் சேர்த்து, மூன்றும் ஒரே கேபிளில் தெரியும் கருவியாக மாற்ற வேண்டும்.

முதல் பாதிக்கான விடை எளிது. சார்புக் கோப்புகள் இறங்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் பாதிக்கான விடை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்: நீங்கள் கேட்கும் மூன்றும் அந்தச் சிப்பில் ஒன்றாக இடங்கொள்ளாது. ஏன் என்பதை உரிய இடத்தில் எண்ணிக்கையோடு காட்டுகிறேன்.

டைனியூஎஸ்பியின் எந்த எடுத்துக்காட்டும் இரண்டு பகுதிகளால் ஆனது. எடுத்துக்காட்டுக் கோப்புறைக்குள் இருப்பது ஒரு பகுதி: மெயின்.சி, யுஎஸ்பி டிஸ்கிரிப்டர்களுக்கான (கருவி தன்னைக் கணினிக்கு விவரிக்கும் தரவுகளுக்கான) கோப்பு, நிரலகத்தின் எந்தெந்த வசதிகள் வேண்டும் என்று அறிவிக்கும் 'டியுஎஸ்பி_கான்ஃபிக்.ஹெச்'. மற்றொரு பகுதி 'ஹெச்டபிள்யூ' கோப்புறைக்குள் 'பிஎஸ்பி' (போர்டுக்கான ஆதரவு நிரல்) என்ற பெயரில், சிப் குடும்ப வாரியாகவும் அதற்குள் போர்டு வாரியாகவும் பிரிக்கப்பட்டுக் கிடக்கிறது. க்ளாக்கை எப்படி அமைப்பது, எல்இடி எந்தப் பின்னில் இருக்கிறது, யுஎஸ்பி வரிகள் எங்கே போகின்றன என்பதெல்லாம் அங்கேதான் எழுதப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டின் மெயின்.சி-யைத் திறந்து பார்ப்பவர்கள் அதில் சிப் சம்பந்தப்பட்ட ஒரு வரியும் இல்லையே என்று வியப்பதும், பின்னர் அந்த ஒரு கோப்பை மட்டும் தங்கள் புராஜெக்ட்டில் ஒட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்று அலைவதும் இந்தப் பிரிவினையை அறியாததால்தான். என் அனுபவத்தில், நிரலகத்தின் மீது சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் பகுதியைச் சேர்ந்தவை.

இனி உங்கள் பிழைக்கு வருவோம். எஸ்டி நிறுவனம் எஃப்4 குடும்பத்துக்கு வெளியிடும் தலைப்புக் கோப்புகளும் ஹால் என்னும் வன்பொருள் டிரைவரும் டைனியூஎஸ்பி களஞ்சியத்துக்குள் இருப்பதில்லை. 'டூல்ஸ்' கோப்புறையில் உள்ள 'கெட்_டெப்ஸ்.பை' என்ற பைதான் நிரலை, குடும்பத்தின் பெயரை, அதாவது எஸ்டிஎம்32எஃப்4 என்பதை, பின்னால் கொடுத்து இயக்கினால் அவை இறங்கி உரிய இடத்தில் அமரும். எல்லாக் குடும்பங்களுக்கானவற்றையும் இறக்கத் தேவையில்லை. வட்டில் இடமும் நேரமும்தான் வீணாகும். ஆர்பி2040 சிப்புக்கு இது போதாது, ராஸ்பெரி பை நிறுவனத்தின் பைகோ எஸ்டிகே தனியாக இருந்து, அதன் இருப்பிடம் சூழல் மாறியில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஈஎஸ்பி32 வகைச் சிப்புகளுக்கு எஸ்பிரெசிஃபின் ஐடிஎஃப் வேண்டும், அங்கே மேக் வழி கிடையாது, சிமேக்தான். கம்பைலர், ஆர்ம் சிப்புகளுக்கான ஜிசிசி. உபுண்டுவில் தொகுப்பாகவே கிடைக்கிறது. விண்டோஸில் வேலை செய்பவர்களுக்கு மேக்கைவிட சிமேக்கும் நிஞ்சாவும் தொல்லை குறைவு என்பது என் கருத்து. களஞ்சியத்தை இடைவெளி இல்லாத பாதையில் வைத்துக்கொள்வதும் நல்லது.

அடுத்து, மேக் கட்டளையில் 'போர்டு' என்ற மாறிக்கு உங்கள் போர்டின் பெயரைத் தர வேண்டும். அந்தப் பெயர் நீங்கள் அழைக்கும் பெயர் அன்று. எஃப்4 குடும்பத்தின் 'போர்ட்ஸ்' கோப்புறைக்குள் உள்ள துணைக் கோப்புறையின் பெயர், எழுத்துக்கு எழுத்து. உங்களுக்கு எஸ்டிஎம்32எஃப்411-ஐத் தொடர்ந்து இடைவெளியின்றி பிளாக்பில் என்று வரும் பெயர். கட்டமைப்பு முடிந்ததும் விளைவுக் கோப்புகள் எடுத்துக்காட்டின் உள்ளேயே '_பில்ட்' கோப்புறையில், போர்டின் பெயரில் கிடைக்கும். போர்டுக்குப் போர்டு தனிக் கோப்புறை இருப்பதால் ஒன்றின் மிச்சம் மற்றொன்றில் கலப்பதில்லை. ஆனால் பதிவு நிலை போன்ற மாறிகளை மாற்றினால் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டு மீண்டும் கட்டமையுங்கள். பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, மாற்றம் ஏன் பலிக்கவில்லை என்று தேடுவது வீண் வேலை. இன்னொன்று: இந்நிரலகம் எச்சரிக்கைகளையும் பிழைகளாகக் கொள்ளும் கொடியோடு கம்பைல் ஆகிறது. ஆகவே மிகப் புதிய ஜிசிசியைக் கொண்டு பழைய வெளியீட்டைக் கட்டமைக்கும்போது, நிரலில் உண்மையில் தவறில்லாமலே கட்டமைப்பு நின்றுபோகலாம். அப்போது கம்பைலரையோ நிரலகத்தின் வெளியீட்டையோ மாற்றுங்கள். நிரலகத்தின் கோப்புகளில் கைவைக்காதீர்கள்.

முதலில் கட்டமைக்க வேண்டியது 'சிடிசி_எம்எஸ்சி' அன்று, 'போர்டு_டெஸ்ட்'. அதில் யுஎஸ்பி வேலை எதுவும் இல்லை. எல்இடி மினுக்கி, யுஆர்டி எனும் சீரியல் பின்களில் ஒரு வரி அச்சிடும். இதைத் தாண்டாமல் யுஎஸ்பிக்குப் போனால், பிழை கம்பைலரிலா, ஏற்றும் முறையிலா, க்ளாக்கிலா, யுஎஸ்பியிலா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும். பிளாக் பில்லில் எல்இடி பிசி13 பின்னில், தாழ்நிலையில் எரியும்படி இணைக்கப்பட்டிருக்கிறது.

ஏற்றுவதற்கு எஸ்டி-லிங்க் என்ற நிரலேற்றும் கருவி இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் சிப்பின் ரோமில் உள்ள, யுஎஸ்பி வழியே நிரலை ஏற்றும் டிஎஃப்யூ பூட்லோடர் போதும்: பூட்0 பொத்தானை அழுத்தியபடி ரீசெட்டைத் தட்டிவிட்டு, டிஎஃப்யூ-யூட்டில் கருவியால் '.பின்' நீட்சியுள்ள பைனரிக் கோப்பை, பதின்அறும எண்முறையில் 08000000 என்ற முகவரியில் எழுத வேண்டும். பூட்லோடர் சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது என்றால் பிஏ10 பின்னை ஒரு ரெசிஸ்டர் வழியாகத் தரையோடு இணைத்துப் பாருங்கள். அந்தப் பின் யுஆர்டியின் உள்வாங்கும் பின். அது தொங்கலில் இருந்தால், இரைச்சலைக் கண்டு யாரோ சீரியலில் பேசுகிறார்கள் என்று பூட்லோடர் எடுத்துக்கொள்ளக்கூடும்.

எல்இடி மினுங்கினால் 'சிடிசி_எம்எஸ்சி'-யை மாற்றம் ஏதுமின்றிக் கட்டமைத்து ஏற்றுங்கள். அதன் எல்இடி ஒரு நிலைகாட்டியாகவும் வேலை செய்கிறது: கணினி இன்னும் கருவியை ஏற்கவில்லை என்றால் 250 மில்லிசெகண்டுக்கு ஒருமுறையும், ஏற்றுக்கொண்டுவிட்டால் 1000 மில்லிசெகண்டுக்கு ஒருமுறையும், கணினி உறக்கத்துக்கு அனுப்பிவிட்டால் 2500 மில்லிசெகண்டுக்கு ஒருமுறையும் மாறும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு சீரியல் போர்ட்டும், உள்ளே ஒரே ஒரு ரீட்மீ கோப்புடன் 8 கேபி அளவுள்ள ஒரு டிரைவும் தோன்றும். 512 பைட் கொண்ட 16 தொகுதிகள், எல்லாம் ரேமில். அந்த அளவு ஏன் என்பதற்கு மூலநிரலிலேயே குறிப்பு உண்டு: விண்டோஸ் ஏற்கும் மிகச் சிறிய டிரைவ் அதுதான். சீரியல் முனையத்தில் தட்டுவது அப்படியே திரும்பி வரும்.

தோன்றவில்லை என்றால்? லினக்ஸில் கெர்னல் பதிவைத் திறந்துவைத்துக்கொண்டு கேபிளைச் செருகுங்கள். என்ன வருகிறது என்பதைப் பொறுத்தே தேடும் இடம் மாறுகிறது. விண்டோஸ் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே பிழைச் செய்தியில் அடக்கிவிடுவதால், வளர்ச்சிக் கட்டத்தில் லினக்ஸ் கணினி ஒன்று அருகில் இருப்பது பெரிய உதவி.

ஒரு வரிகூட வரவில்லை என்றால், கருவி செருகப்பட்டதையே கணினி அறியவில்லை. முழுவேகக் கருவி தன்னை அறிவிக்கும் வழி, டி பிளஸ் வரியை 1.5 கிலோஓம் தடையால் மேலிழுப்பதுதான். எஃப்411 சிப்பில் அந்தத் தடை உள்ளேயே இருக்கிறது, மென்பொருள் அதை இயக்க வேண்டும். அது நடக்காததற்கு மூன்று காரணங்கள் வழக்கமானவை. கேபிள் சார்ஜ் செய்வதற்கு மட்டுமானதாக இருக்கலாம். நிரல் அந்த இடம்வரை வராமல் எங்கோ தொங்கியிருக்கலாம். மூன்றாவதுதான் ஆட்களைச் சுற்றவிடுவது: வீபஸ் (யுஎஸ்பியின் 5 வோல்ட் வரி) உணர்தல். இந்தச் சிப்பின் யுஎஸ்பி பகுதி, பிஏ9 பின்னில் 5 வோல்ட் வந்தால்தான் தன்னைக் கணினியோடு இணைத்ததாகக் கருதும்படி அமைக்கப்படலாம். பிளாக் பில்லில் அந்தப் பின் யுஎஸ்பி கனெக்டரோடு இணைக்கப்படவில்லை. ஆகவே அந்த உணர்தலை நிரலில் அணைக்க வேண்டும். டைனியூஎஸ்பியின் பிளாக் பில் கோப்புகள் அதைச் செய்துவிடுகின்றன. எஸ்டியின் டிஸ்கவரி போர்டுக்குக் கட்டமைத்த கோப்பைப் பிளாக் பில்லில் ஏற்றினாலோ, உங்கள் சொந்தப் புராஜெக்ட்டில் அந்த வரியை விட்டுவிட்டாலோ, கெர்னல் பதிவு மௌனமாகவே இருக்கும்.

டிஸ்கிரிப்டரைப் படிக்கும்போது பிழை -71 என்று வந்தால் அது நெறிமுறைப் பிழை. மின்குறியீடுகள் சிதைந்து வருகின்றன என்று பொருள். மோசமான கேபிளையும் நீளமான ஜம்பர் கம்பிகளையும் ஒதுக்கிவிட்டால், மிஞ்சுவது க்ளாக். யுஎஸ்பி பகுதிக்கு 48 மெகாஹெர்ட்ஸ் வேண்டும், முழுவேகத்தில் 0.25 சதவீதத்துக்கு மேல் விலகல் கூடாது. எஃப்4 குடும்பத்தில் இது எப்படி வருகிறது என்று ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. பிளாக் பில்லில் உள்ள படிகம் 25 மெகாஹெர்ட்ஸ். அதை எம் என்ற வகுத்தியில் 25-ஆல் வகுத்தால் 1 மெகாஹெர்ட்ஸ். என் என்ற பெருக்கியில் 336-ஆல் பெருக்கினால் 336. அதை பி வகுத்தியில் 4-ஆல் வகுத்தால் மையச் செயலிக்கு 84. கியூ வகுத்தியில் 7-ஆல் வகுத்தால் யுஎஸ்பிக்குச் சரியாக 48. இப்போது 8 மெகாஹெர்ட்ஸ் படிகம் கொண்ட டிஸ்கவரி போர்டுக்கான எம் மதிப்பான 8-ஐ இங்கே விட்டுவிட்டால், 25-ஐ 8-ஆல் வகுத்து 3.125, அதை 336-ஆல் பெருக்கி 1050 மெகாஹெர்ட்ஸ் என்று, க்ளாக்கைப் பெருக்கும் பிஎல்எல் சுற்றிடம் கேட்கிறோம். அதன் உச்சவரம்பு 432. பிஎல்எல் பூட்டிக்கொள்ளாமல் நிரல் க்ளாக் அமைப்பிலேயே நின்றுவிடும், எல்இடிகூட மினுங்காது. இதைவிடத் தந்திரமானது, செயலிக்கான க்ளாக் சரியாகவும் யுஎஸ்பிக்கானது மட்டும் தவறாகவும் இருப்பது. 100 மெகாஹெர்ட்ஸில் ஓடட்டும் என்று என், பி மதிப்புகளை மாற்றுபவர்கள், கியூ வகுத்தியில் எந்த முழு எண்ணை வைத்தாலும் 48 வராத நிலையை உண்டாக்கிவிடுகிறார்கள். எல்இடி ஒழுங்காக மினுங்கும், யுஎஸ்பி மட்டும் -71 சொல்லும்.

பிழை -110 என்றால் காலக்கெடு கடந்துவிட்டது. வரிகள் சரி, க்ளாக் சரி, கேள்வி வந்து சேர்ந்தும் யாரும் பதில் சொல்லவில்லை. டைனியூஎஸ்பியில் இன்டரப்ட் வரும்போது நடப்பது நிகழ்வை வரிசையில் போடுவது மட்டுமே. உண்மையான வேலை, முதன்மைச் சுழலில் நீங்கள் அழைக்கும் 'டியுடி_டாஸ்க்' செயற்கூறில் நடக்கிறது. சுழலுக்குள் சென்சார் படிக்கிறேன் என்று அரை நொடி காத்திருப்பு வைத்தால் அந்த அரை நொடியும் கருவி ஊமைதான்.

பிழை -32 என்றால் கருவி கேள்வியைப் புரிந்துகொண்டு மறுத்துவிட்டது. இது பெரும்பாலும் டிஸ்கிரிப்டர் பக்கத்துக் குற்றம். மேக் கட்டளையில் 'லாக்' மாறிக்கு 2 கொடுத்துக் கட்டமைத்தால், நிரலகம் தான் பெறும் ஒவ்வொரு கோரிக்கையையும் யுஆர்டியில் எழுதும், எந்தச் செயற்கூறின் எந்த வரியில் சோதனை தோற்றது என்பதையும் சொல்லும். யுஆர்டியின் வேகம் 115200. எந்தப் பின்கள் என்பது போர்டின் தலைப்புக் கோப்பில் இருக்கிறது. 3-ஆம் நிலைக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள். அந்த வேகத்தில் அச்சிட ஆகும் நேரமே பதிலைத் தாமதப்படுத்தி, இல்லாத பிழையை உண்டாக்கும். ஜே-லிங்க் டீபக்கர் இருந்தால் பதிவை அதன் ஆர்டிடி வழியாகத் திருப்பிவிடலாம், தாமதம் மிகக் குறைவு.

இனி கீபோர்டு. சேர்க்கும் முறை இது. கான்ஃபிக் கோப்பில், கீபோர்டு, மவுஸ் போன்றவற்றுக்கான ஹெச்ஐடி வகுப்பின் எண்ணிக்கையை 1 ஆக்க வேண்டும். டிஸ்கிரிப்டர் கோப்பில் இடைமுக எண்களின் பட்டியலில், மொத்தம் என்ற கடைசி உறுப்புக்கு முன்னால் புதிய இடைமுகத்தைச் சேர்க்க வேண்டும். சீரியல் போர்ட் இரண்டு இடைமுகங்களை எடுத்துக்கொள்வதால் அவை 0, 1, டிரைவ் 2, கீபோர்டு 3, மொத்தம் 4. பிறகு கட்டமைவு டிஸ்கிரிப்டரின் மொத்த நீளத்தில் ஹெச்ஐடியின் நீளத்தைக் கூட்ட வேண்டும்: தலைப்புக்கு 9 பைட், சீரியலுக்கு 66, டிரைவுக்கு 23 என்று 98 ஆக இருந்தது, கீபோர்டின் 25 சேர்ந்து 123 ஆகும். இதைக் கூட்ட மறப்பவர்கள் பலர். கணினி 98 பைட்டோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளும், ஆனால் நான்கு இடைமுகங்கள் என்று தலைப்பு சொல்லியிருக்கும். கடைசியாக, கீபோர்டின் ரிப்போர்ட் டிஸ்கிரிப்டரைத் தரும் செயற்கூறையும், ரிப்போர்ட்டைக் கேட்கும்போதும் தரும்போதும் அழைக்கப்படும் இரண்டு செயற்கூறுகளையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் லிங்க்கர் அவற்றின் பெயரைச் சொல்லியே நிற்கும். அது நல்ல பிழை, உடனே தெரிந்துவிடுகிறது.

இவ்வளவும் செய்தபின் ஒழுங்காகக் கம்பைல் ஆகும், ஏறும், ஆனால் உங்கள் போர்டில் கட்டமைவை அமைக்க முடியவில்லை, பிழை -32 என்று கெர்னல் சொல்லும். காரணம் எண்ட்பாயிண்ட்களின், அதாவது தரவு போய்வரும் தனித்தனி வழிகளின், எண்ணிக்கை. எஃப்411 சிப்பின் முழுவேக யுஎஸ்பி பகுதியில், கட்டுப்பாட்டுக்கான 0-ஐத் தவிர, கணினியை நோக்கிய இன் திசையில் மூன்றும் அவுட் திசையில் மூன்றும்தான் உண்டு. சீரியல் போர்ட் இன் திசையில் இரண்டைக் கேட்கிறது, அறிவிப்புக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று. டிரைவுக்கு ஒன்று. மூன்றும் தீர்ந்துவிட்டன. கீபோர்டுக்கு இன் திசையில் ஒன்று கட்டாயம் வேண்டும். நீங்கள் நான்காம் எண்ணைக் கொடுக்கிறீர்கள், அந்தச் சிப்பில் நான்காம் எண் இல்லை. எண்ட்பாயிண்டைத் திறக்கும் செயற்கூறு அதைச் சோதித்து மறுக்கிறது. ஓர் எண்ணை ஒரே திசையில் இரண்டு இடைமுகங்களுக்குத் தரவும் முடியாது. அதே குடும்பத்து எஃப்407 சிப்பின் முழுவேகப் பகுதியிலும் இதே எண்ணிக்கைதான் என்பதால், அதைக் கொண்ட டிஸ்கவரி போர்டுக்கு மாறியும் பயனில்லை.

எனவே உங்கள் முன் இரண்டு வழிகள். சீரியல் போர்ட் உண்மையில் பயனருக்குத் தேவையா, அல்லது வளர்ச்சிக் காலத்தில் நீங்கள் பதிவு பார்ப்பதற்கா என்று யோசியுங்கள். பின்னதுதான் என்றால் அதை எடுத்துவிட்டு யுஆர்டியில் பதிவைப் பாருங்கள், டிரைவும் கீபோர்டும் இரண்டு இன் எண்ட்பாயிண்ட்களில் முடிந்துவிடும். சீரியலும் கீபோர்டும் போதும் என்றாலும் மூன்றில் சரியாக அடங்கும். மூன்றும் வேண்டும் என்றால் சிப்பை மாற்றுங்கள். ஆர்பி2040-இல் ஒவ்வொரு திசையிலும் கட்டுப்பாட்டுக்கானதையும் சேர்த்து 16 உண்டு. ராஸ்பெரி பை பைகோ போர்டின் பெயரைக் கொடுத்து அதே எடுத்துக்காட்டைக் கட்டமைத்தால், மேலே சொன்ன மாற்றங்கள் அப்படியே வேலை செய்யும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பைகோவுக்கே போவேன், ஏற்றுவதும் அதில் எளிது. பூட்செல் பொத்தானை அழுத்தியபடி செருகி, தோன்றும் டிரைவில் யுஎஃப்2 கோப்பை இழுத்துப் போட்டால் போதும். பைகோ எஸ்டிகேயில் டைனியூஎஸ்பி துணைக் களஞ்சியமாக இருப்பதால், எஸ்டிகேயை இறக்கும்போது துணைக் களஞ்சியங்களையும் சேர்த்து இறக்க மறக்காதீர்கள். எஸ்டிகே 2.0 முதல் யுஎஃப்2 கோப்பை உருவாக்க பைகோடூல் தேவைப்படுகிறது.

சொந்தப் புராஜெக்ட்டுக்கு, குறிப்பாக எஸ்டியின் நிரலுருவாக்கும் கருவியான கியூப்எம்எக்ஸ் உருவாக்கிய ஒன்றுக்கு, எடுத்துக்காட்டை நகர்த்தும்போது நிரலகத்தின் மூலக் கோப்புறையோடு கான்ஃபிக் கோப்பையும் டிஸ்கிரிப்டர் கோப்பையும் எடுத்துச் செல்லுங்கள். பிஎஸ்பி செய்துவந்த மூன்று வேலைகளை நீங்களே செய்ய வேண்டும்: 48 மெகாஹெர்ட்ஸ், யுஎஸ்பி பின்களும் வீபஸ் அமைப்பும், யுஎஸ்பி இன்டரப்டை நிரலகத்தின் இன்டரப்ட் செயற்கூறிடம் ஒப்படைப்பது. எந்தச் சிப் என்பதை அறிவிக்கும் மாறியையும் கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டில் அது போர்டின் பெயரிலிருந்து தானாக வந்தது. கியூப்எம்எக்ஸில் எஸ்டியின் சொந்த யுஎஸ்பி நிரலகத்தை இயக்கி வைத்திருந்தால் இரண்டும் ஒரே இன்டரப்டுக்கு உரிமை கோரும். அங்கே மிடில்வேர் பகுதியில் யுஎஸ்பியை அணைத்துவிட்டு, பின்களையும் க்ளாக்கையும் மட்டும் அதனிடம் விடுங்கள். எடுத்துக்காட்டும் நிரலகமும் ஒரே வெளியீட்டைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். தொடக்கச் செயற்கூறின் அளவுருக்கள் வெளியீடுகளுக்கிடையே மாறியிருப்பதால், எங்கோ கிடைத்த பழைய துண்டுநிரல் புதிய நிரலகத்தோடு ஒட்டாமல் போகலாம்.

எடுத்துக்காட்டுகள் எல்லாம், பதின்அறும இலக்கங்களாகவே அமைந்த சிஏஎஃப்இ, அதாவது 'கஃபே', என்ற எண்ணைத் தயாரிப்பாளர் எண்ணாகக் கொண்டு வருகின்றன. தயாரிப்பு எண்ணை, எந்தெந்த வகுப்புகள் இயக்கத்தில் உள்ளன என்பதைப் பொறுத்து நிரலே கணக்கிடுகிறது. அது அழகுக்காக அன்று. ஒரே தயாரிப்பாளர், தயாரிப்பு எண்களோடு முதலில் டிரைவாகவும் பிறகு சீரியலாகவும் வந்தால், முதலில் நினைவில் வைத்த டிரைவரையே கணினி மாட்டிவிடக்கூடும். நீங்கள் நிலையான எண் ஒன்றை எழுதிவிட்டு இடைமுகங்களை மாற்றிக்கொண்டே இருந்தால் விண்டோஸில் விளங்காத கோளாறுகள் வருவது இதனால்தான். லினக்ஸில் புதிய சீரியல் போர்ட்டைக் கண்டதும் மோடம்மேனேஜர் அது மோடமோ என்று ஏடி கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும் தொல்லை உண்டு. சாதனங்களுக்கான எடுத்துக்காட்டுக் கோப்புறையில் உள்ள யூடெவ் விதிக் கோப்பை நிறுவிக்கொள்ளுங்கள். கருவியை விற்பதாக இருந்தால் கஃபே எண்ணோடு வெளியே அனுப்பக் கூடாது. பைகோ வழியில் போனால், ஆர்பி2040 கொண்டு செய்யப்படும் கருவிகளுக்குத் தன் தயாரிப்பாளர் எண்ணின் கீழ் தயாரிப்பு எண்களை ராஸ்பெரி பை நிறுவனமே ஒதுக்கித் தருகிறது, விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம்.